வாசல் முடிவு

முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. காதருகே கத்தரி ஓடும்போது பேசாதே என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் துணிக்கடை. பேசாதவனுக்கு அங்கே பிழைப்பில்லை. ஆகவே நீங்கள் இந்த ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து, விருப்பப்பட்டதைச் சொல்லலாம் என்று மரியாதையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. போயும் போயும் என்னிடமா அப்படிச் சொல்வது. வேறு வேலை இருந்தால் தள்ளிவைத்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் அந்த முடிதிருத்தும் கடையில்தான் தொடங்கியது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. கடையில் என்னைத் தவிர ஆள் இல்லை. முடிதிருத்துபவர் என் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டு, கண்ணாடி மீது சாய்த்து வைத்திருந்த போனைக் கையில் எடுத்தார்.

“ஒரு நிமிஷம் சார். இன்னிக்கும் எதையும் விக்காம இருந்துட்டா கதவு சுவராயிரும். அத மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்.”

எட்டிப் பார்த்தேன். எங்கள் விளையாட்டு. ‘கடைசி விலை’ என்று பெயர். அதன் கதை முழுக்க நான் எழுதியது. அதை அவரிடம் சொல்லவில்லை. தன் சரக்கைப் பற்றி அடுத்தவன் பேசும்போது வியாபாரி குறுக்கே பேசமாட்டான். காதை மட்டும் நீட்டுவான்.

“நல்லாருக்கா?” என்றேன்.

“ஆட்டம் நல்லாருக்கு சார். அந்தக் கடைக்காரன்தான் சரியான கல்லுளிமங்கன். பொண்டாட்டி டீ கொண்டாந்து வெச்சா நிமிந்துகூடப் பாக்க மாட்டான்.”

“வேலையில இருப்பான்.”

“என்ன வேலை, ஈ ஓட்டுற வேலையா? ஆனா பாருங்க, இப்ப புதுசா மாத்தி விட்டிருக்காங்க. அந்தம்மா பேசுது சார்.”

“எந்தம்மா?”

“அதான், அவன் பொண்டாட்டி. இத்தன நாளா ஊமைன்னுல்ல நெனச்சேன்.”

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். கடையின் கதவு மெல்லக் கல்லாகி, கல் சுவராகி முடிந்தது. கடைக்காரன் துணிகளுக்கு நடுவே நிம்மதியாக உட்கார்ந்தான். அதுவரை நான் எழுதியதுதான். அடுத்து, அவன் மனைவி டீத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் தலைக்குமேல் எழுத்து ஓடியது. ‘எல்லாச் சுவர்லயும் ஒரு வாசல் வரைஞ்சு வெச்சிருந்தேன். நீங்க பாக்கவே இல்ல.’ அலமாரியைத் தள்ளினாள். பின்னால் ஒரு சின்னக் கதவு. திறந்துகொண்டு போய்விட்டாள். கடைக்காரன் தலை நிமிரவில்லை. டீ ஆறிப்போவதை மட்டும் சிறிது நேரம் காட்டிவிட்டுத் திரை இருண்டது.

முடிதிருத்துபவர் என் கழுத்துத் துணியின் ஓரத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லவேள சார். தப்பிச்சுருச்சு.”

வெட்டாத தலையோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு பக்கமும் சமமாக வெட்டச் சொன்னேன். தலையில் இடி விழுந்தாலும் கடையை விட்டு எழுந்திருக்காதே, விழுந்தது இடி என்று அடுத்த கடைக்காரனுக்குத் தெரியக்கூடாது என்பார் என் பெரியப்பா.

இனி எங்களைப் பற்றி. நாங்கள் மூன்று பேர். நான் எழுதுவேன். என் மனைவி வரைவாள். அவளுடைய தம்பி, என் மச்சான், இரண்டையும் சேர்த்துக் கணினியில் ஓடவைப்பான். மெத்தைக் கடை ஒன்றின் மாடியில் அலுவலகம். வேலை ஓடாத நாளில் கீழே போய், மெத்தை வாங்குகிறவன் மாதிரி படுத்துப் பார்த்துவிட்டு வருவேன். கடைக்காரருக்கு அது தெரியும். ‘இன்னிக்கும் முதுகு முடிவு பண்ணலையா?’ என்று கேட்பார்.

விளையாட்டில் நீங்கள்தான் துணிக்கடைக்காரர். ஆட்கள் வருவார்கள், பேரம் பேசுவார்கள். நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்களோ அப்படிக் கதை கிளை பிரியும். நேர்மையாக விற்றால் ஒரு முடிவு, ஏமாற்றி விற்றால் ஒரு முடிவு என்பதெல்லாம் யாரும் செய்வது. ஆடுகிறவர்கள் தேடி அலைவது கிறுக்கு முடிவுகளைத்தான். விடாப்பிடியாக ஒரே விலையைச் சொல்லிக்கொண்டிருந்தால், இத்தனை நாள் வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆள், மீசையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று கடைசியில் தெரியும். எல்லாவற்றையும் நட்டத்துக்கே கொடுத்தால் ஒருவன் வந்து கடையையே கேட்பான். சரி என்றால் கடையைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடப்பான். நீங்கள் உள்ளே இருப்பீர்கள். பை இருட்டிலும் பேரம் ஓடும். இதையெல்லாம் எழுத நான் சிரமப்படவே இல்லை. என் பெரியப்பாவை அப்படியே எழுதினேன்.

அவற்றில் என் செல்லப்பிள்ளை சுவர் முடிவு. வந்தவர்கள் யாருக்கும் எதையும் விற்காமல் இருந்துவிட்டால் கடைசி நாளில் கதவு சுவராகும். உள்ளே அவன், அவள், அவர்கள் சேர்த்து வைத்த அழகான பொருள்கள். வெளியிலிருந்து ஒரு கை வந்து எதையும் தொட முடியாது. அவள் டீ கொண்டுவந்து வைப்பாள். அவன் குடிப்பான். அவ்வளவுதான். அதை நான் காதல் கதையாகத்தான் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

“இவளுக்கு ஒரு வரி குடுங்களேன்” என்று என் மனைவி கேட்டது உண்மை. மறைக்கவில்லை.

“எதுக்கு? அவ பேசாம இருக்கறதுதான் அழகு.”

“வரையிறவளுக்கு வாய் வலிக்குதுங்க” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை பிடிக்கும்.

நீங்கள் கேட்கக் காத்திருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் திரையில் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தால் கட்டை உடைத்துக்கொண்டு வந்துவிடும். அந்த உடம்போடு அவள் வந்து சேர்ந்த தொழிலைப் பாருங்கள். சர்க்கரை வியாதிக்காரர் மிட்டாய்க்கடை வைத்த கதை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காட்சியானாலும் அசைந்து ஓட ஆரம்பித்ததும் முதலில் நான் தனியாக உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து இறுதி வரை பார்ப்பேன். கண்ணை வெட்டுகிற மாதிரி ஏதாவது இருந்தால் மச்சானிடம் சொல்லி எடுக்கவைப்பேன். பிறகு ‘பாக்கலாம்’ என்பேன். அதுவரை அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சொல் காதில் விழுந்தபிறகுதான் நாற்காலியைத் திருப்புவாள்.

ஒருமுறை ஒரு பெரிய கண்காட்சிக்குப் போயிருந்தோம். யாருடைய விளையாட்டோ, பக்கத்துத் திரையில் திடீரென்று மின்னத் தொடங்கியது. என் உள்ளங்கையால் அவள் கண்ணை மூடி, கூட்டத்துக்கு நடுவே தெரு வரைக்கும் நடத்திக்கொண்டு போனேன். வழியில் யார் காலையெல்லாமோ மிதித்தோம். “கண்ணாமூச்சி ஆடறவங்க கூட இவ்வளவு தூரம் போகமாட்டாங்க” என்றாள். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தெருவுக்கு வந்த பிறகும் விடவில்லை. கல்யாணமான புதிதில் ஆயிரம் வாக்குக் கொடுத்திருப்பேன்; எல்லாம் காற்றோடு போயிற்று. இந்த ஒன்றை மட்டும் நான் தவறவிட்டதில்லை. ஒரு நாள், ஒரு காட்சி தவறவிட்டதில்லை. என்னைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதுங்கள்.

முடிவெட்டியதும் நேராக அலுவலகம் போனேன். மச்சான் மட்டும் இருந்தான்.

“மாமா, முடி நல்லா வெட்டிருக்காங்க.”

“முடிய அவன் வெட்டினான். முடிவ யாரு வெட்டினது?”

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத குடும்பம் அது.

“உங்ககிட்ட சொல்லிட்டதாத்தான் அக்கா சொன்னா மாமா.”

“அப்ப அதை எழுதினது உங்க அக்காதான்.”

“அவதான். நான் கோத்து மட்டும் விட்டேன், வெளிச்சம் மின்னுதான்னும் நானே பாத்துச் சொன்னேன். ரெண்டையும் கொஞ்சம் பேருகிட்ட குடுத்துப் பாத்தோம். உங்க முடிவு...” தலையைச் சொறிந்தான். “பயந்துட்டாங்க மாமா.”

“பயந்தாங்களா?”

“பேய்க் கதன்னு நெனச்சுட்டாங்க.”

அவனைத் திட்டவில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். விளையாட்டை முதலிலிருந்து ஆடினேன். அவள் எழுதியது பொய்யில்லை. முதல் நாள் காட்சியில், துணி மடிப்புகளின் நிழலில் ஒரு வாசல் இருந்தது. கல்லாப் பெட்டிக்குப் பின்னால் ஒன்று. மழை நாள் காட்சியில் சுவரில் கசிந்த ஈரத்தின் வடிவமே ஒரு வாசல். விளையாட்டு வெளிவந்த நாளிலிருந்து எல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. அத்தனை காட்சியையும் உலகத்தில் முதல் ஆளாகப் பார்த்தவன் நான். தொடக்கத்திலிருந்து இறுதி வரை பார்த்தவன். ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

நீ வெளிச்சத்தை மட்டும்தானே பார்த்தாய் என்று நீங்கள் கேட்கலாம். யாருக்காக வெளிச்சத்தைப் பார்த்தேன் என்று நான் திருப்பிக் கேட்கலாம். நான் அவளுக்குக் காவல் நின்றுகொண்டிருந்த அத்தனை காலமும், அவள் என் முதுகுக்குப் பின்னால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு படத்திலும், சிரித்துக்கொண்டே. துரோகம் என்கிற சொல் பெரியது, நான் எளிதில் எடுக்கமாட்டேன். அன்று எடுத்தேன்.

சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேங்க. ‘நல்லாருக்கு’ன்னீங்க.”

“எப்ப?”

“அதத்தான் சொல்றேன்.”

குழாயை மூடினாள். கோபமாக இருப்பாள் என்று பார்த்தால் இல்லை. கோபத்தில் இருந்தால் பேரம் பேசியிருக்கலாம். விலையே சொல்லாத சரக்கை என்ன செய்வது?

“அந்தக் கடைக்காரன் நானா?”

“எழுதினது நீங்க. எங்கிட்ட கேக்கறீங்க.”

கோப்பையைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு, “கொஞ்ச நாள் தம்பி வீட்ல இருக்கேங்க. வேலைக்கு வந்துருவேன், அது நிக்காது” என்றாள். ஒரு பையில் துணி, ஒரு பையில் வரைகிற சாமான். மாத்திரைகளை மறக்கப் போகிறாளே என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ்ங்க” என்றாள். அந்நியரிடம் சொல்கிற மாதிரி.

அதற்குப் பிறகு ஊரே பேச ஆரம்பித்தது. சுவர் முடிவு என்கிற பெயரே காணாமல்போய், வாசல் முடிவு ஆயிற்று. முகம் தெரியாதவர்கள் எல்லாம் அந்தக் கடைக்காரனைக் காறித் துப்பி எழுதினார்கள். ஒருவர் விடாமல் படித்தேன். ஒரு பெண்மணி, தன் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் காட்சியைக் காட்டியதாக எழுதியிருந்தார். ஒரு கல்லூரிப் பையன், கடைக்காரனுக்காகவும் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது என்று எழுதினான். அவன்மேல் பத்துப் பேர் பாய்ந்தார்கள். பையன் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை அழித்துவிட்டான். எனக்காகப் பேசியவன் அவன் ஒருவன்தான். அவனும் நிற்கவில்லை.

எல்லோரும் கேட்ட கேள்வி, வெளியே போனவள் என்ன ஆனாள் என்பது. ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். எதிர்த் தெருவில் கடை போட்டாள் என்று ஒருவர். கப்பலேறினாள் என்று இன்னொருவர். மீசை மாற்றுகிறவனோடு சேர்ந்து வாழ்கிறாள் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். அது கொஞ்சம் நன்றாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு இன்னொரு முடிவு தோன்றியது. அதை எழுதி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். சுவருக்குள் இருக்கிற கடைக்காரன் ஆறிப்போன டீயைப் பார்க்கிறான். முதல்முறையாகத் தலை நிமிர்கிறான். அலமாரிக்குப் பின்னால் அந்தக் கதவைக் கண்டுபிடிக்கிறான். திறக்கிறான். அவள் வெளியே நிற்கிறாள். பேசுகிறார்கள். அதிகம் பேசுவது அவள்தான்.

நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தவள் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்களா எழுதினீங்க?”

“ஏன், வரி எல்லாம் அவளுக்குக் குடுத்துட்டேன்னு பாக்கறியா?”

“இல்ல. ‘டீ ஆறிப்போச்சு, வேற போடட்டா’ன்னு அவன் கேக்கறானே.” தாளைத் திருப்பி வைத்தாள். “வரைஞ்சு தர்றேங்க.”

நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். சரக்கு நன்றாக இல்லாவிட்டால் அவள் தொட்டிருக்கமாட்டாள். அவளுக்கு விஷயம் தெரியும். கிழிசல் துணியை விற்கும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது, மற்ற மடிப்புகளை ஆசையாக விரித்துக் காட்ட வேண்டும், கட்டைவிரல் மட்டும் கிழிசல்மேல் இருக்க வேண்டும் என்று எட்டு வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வசனங்களை ஆசையோடுதான் எழுதினேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

கதவு திறந்தால் வெளிச்சம் வரத்தானே வேண்டும். அந்த வெளிச்சத்தை நான் செய்கிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். “மாமா எழுத்தோட நிக்காம இதுலயும் எறங்கிட்டீங்க” என்று அவனுக்குச் சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். எப்படிச் செய்வது என்றுதான் அவன் சொல்லித்தர வேண்டியிருந்தது. எது கூடாது என்பது எனக்கே தெரியும். வருடக்கணக்கில் அதைத்தானே பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கென்று தனியாக ஒரு பிரதி தயார் செய்தேன். மச்சானுக்குக் காட்டிய பிரதியில் வெளிச்சம் விடியற்காலை மாதிரி மெதுவாக வரும். ஊருக்குப் போக வேண்டியதும் அதுதான். பொதுமக்களுக்கு ஒரு துளி ஆபத்தும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். என் சரக்கால் ஒரு வாடிக்கையாளர்கூடக் கெட்டதில்லை.

மாத்திரைகளை நான் தொடவில்லை. நீங்கள் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், வீண் செலவு. ஆனால் தூக்கம் கெடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அது எனக்கு நினைவிருந்தது. அந்த வாரம் நிறையத் திருத்தம் சொன்னேன். கதவின் நிறத்தை மாற்றச் சொன்னேன். மாற்றியதும் பழையதே தேவலை என்றேன். அவள் அலுக்கவே இல்லை. என் வாழ்க்கையில் அவள் அவ்வளவு பிரியமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. “இந்த வாட்டி அவன் மூஞ்சி நல்லா வந்திருக்குங்க” என்று படம் அனுப்பினாள். நன்றாகத்தான் இருந்தது. என் சாடைகூட இருந்தது.

பிரதியை அவளுக்கு அனுப்பிய அன்று மதியம், அவளோடு வீட்டில் இருந்த மச்சானுக்குப் போன் செய்து, அலுவலகத்தில் மின்சாரப் பெட்டிப் பக்கம் கருகிய வாடை வருகிறது, உடனே வா என்றேன். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மாடியேறி ஓடிவந்தான். இரண்டு பேரும் சுவர் சுவராக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தோம். “எனக்கு ஒண்ணும் வரல மாமா, கீழ மெத்த வாடதான் வருது” என்றான். அப்போது என் போன் அடித்தது. அவள்தான். நான் அனுப்பிய பிரதி கிடைத்திருந்தது.

“வந்துருச்சுங்க. தொறக்கவா?”

“தொற.”

“நீங்க பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன். பாக்கலாம்.”

நாற்காலி திரும்புகிற ஓசை கேட்கவில்லை. பிறகு கேட்டாள்.

“நல்லாப் பாத்தீங்களா? முழுசா?”

“முழுசாப் பாத்தேன்.”

அது பொய்யில்லை. தொடக்கத்திலிருந்து இறுதி வரை, ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்திருந்தேன். “சரிங்க” என்று வைத்துவிட்டாள்.

மச்சானை நான் சிறிது நேரம் பிடித்துவைத்தேன். ஒயரைப் பார்க்கச் சொன்னேன், எதற்கும் கீழ்க்கடையில் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன். நடுவில் அவன் அவளுக்குப் போன் போட்டுப் பார்த்தான்.

“அக்கா எடுக்க மாட்டேங்குறா மாமா.”

“தூங்கியிருப்பா. வாரமெல்லாம் கண்ணு முழிச்சிருக்கா, பாவம்.”

“படம் பாக்கப்போறேன்னாளே.”

“பாத்துட்டுத் தூங்கியிருப்பா. டீ வரட்டும், குடிச்சுட்டுப் போ.”

பாவம், குடித்துவிட்டுத்தான் போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் கிடந்திருக்கிறாள். திரையில் அந்த வெளிச்சம் முடிந்து முடிந்து மறுபடி தொடங்கிக்கொண்டிருந்ததாம். நிற்காமல் ஓடும்படி அமைத்தது நான்தான். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவமனையில் சொன்னதை அவன் திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறான். அவன்மேல் குற்றம் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று அவனிடம் யாராவது சொல்லுங்கள். நான் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிற நிலையில் இல்லை.

ஆக, என் மனைவியைக் கொன்றது நான். திட்டமிட்டு, நிதானமாக, உதவியவர்கள் யாருக்கும் எதற்கென்று தெரியாமல். இதில் வளைத்துப் பேச ஒன்றுமில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

வருத்தம் உண்டா என்று உங்கள் உதவியாளர் காலையில் கேட்டார். நேரடியாகக் கேட்டார், எனக்குப் பிடித்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன்.

தொறக்கவா என்று அவள் கேட்ட நேரத்தில், வேண்டாம், எதையோ சரிசெய்ய மறந்துவிட்டேன், வேறு அனுப்புகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பாக்கலாம் என்று சொல்லிவிட்ட பிறகும் நேரம் இருந்தது. நாற்காலி இன்னும் திரும்பவில்லை. அவள் சரி என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் நிச்சயம் தடுத்திருப்பேன். ஆனால் அவள் இரண்டாவது தடவை கேட்டாள். நல்லாப் பாத்தீங்களா, முழுசா என்று. இத்தனை வருடத்தில் என் வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. எங்களுக்குள் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். புருஷன்மேல் அவ்வளவு சந்தேகம் இருக்கிற ஒருத்தியோடு நான் எப்படி வாழ்ந்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.